மேற்கோள்குறிக்குள் ஒரு பெயர்

எங்கள் தொழிலில் மூட்டை தூக்க வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். கொசு அளவு இருக்கும் ஒரு மேற்கோள்குறியைச் சரியான இடத்தில் வைத்தால் போதும், அதை வைக்கத் தெரியாமல்தான் பாதி ஆயுள் போகிறது. நிரல் எழுதிப் பிழைக்கும் சக நோயாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கணினியில் சேர்த்து வைத்திருக்கும் தகவலைக் கேட்க வேண்டுமானால் 'இந்தப் பெயர்க்காரரைக் கொண்டு வா' என்று ஒரு கட்டளை எழுத வேண்டும். பெயரின் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள்குறி போட்டுக் காட்ட வேண்டும். குறிகளுக்கு உள்ளே இருப்பது பெயர், வெளியே இருப்பது கட்டளை. கணினிக்குத் தெரிந்த நாகரிகம் அவ்வளவுதான். யார் வரப்போகிறார்கள் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே, வருகிறவர் சொல்லும் பெயரை அந்த இடத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்படி எழுதி வைப்போம். வருகிறவர்கள் என்னென்ன பெயரோடு வருகிறார்கள் என்பதில்தான் நம் பிழைப்பு சிரிக்கிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் சென்னை வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். என் மனைவி மலர் இங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சர். சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் ஓடிப்போகும் புருஷனாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது. செங்கம் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரின் பின்னறையில் ஒரு கணினியைப் போட்டு, ஊரில் யாருக்கு என்ன நிரல் வேண்டுமோ எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். குடியிருந்தது அடி அண்ணாமலையில், மாமனார் ஏழுமலை வீட்டு மாடியில். கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்கு ஒரு சின்னக் கடை. சோடா, வாழைப்பழம், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை வேகவைத்தது எல்லாம் கிடைக்கும். மாடி அவருடையது என்பதால் அவர் சொல்லுக்கு எடை ஜாஸ்தி. வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: "கடைக்கு வர்றவங்க மாப்ள இன்னா வேலை செய்யறார்னு கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலங்க. வர்ற தீபம் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள நான் ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தையில சொல்ற மாதிரி ஆச்சுன்னா இங்கயே இருங்க. இல்லன்னா பழையபடி மெட்ராஸ் பஸ்ஸ புடிங்க."

பாஸ்போர்ட்டில் உள்ளபடி

முதல் வாடிக்கை தனலட்சுமி அக்கா. ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். வந்து தங்குகிறவர்களின் பெயர், நாடு, அறை எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற ஒரு நிரல் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஜெர்மனிக்காரர், இஸ்ரேல்காரர், ஆந்திராக்காரர் எல்லாரும் ஒழுங்காக உள்ளே போனார்கள். பிறகு அயர்லாந்திலிருந்து ஓ'மேலி என்று ஒருவர் வந்தார். அவர் பெயரிலேயே பிறவிச் சொத்தாக ஒரு ஒற்றைக் குறி. கணினி 'ஓ' வரைக்கும் படித்தது, குறியைப் பார்த்தது, பெயர் முடிந்துவிட்டது என்று முடிவு செய்தது. மிச்சமிருந்த 'மேலி'யைக் கட்டளை என்று நினைத்து, அப்படியொரு கட்டளையை நான் கேள்விப்பட்டதில்லை என்று படுத்துக்கொண்டது.

அக்கா போன் செய்தார். கையில் வேறு வேலை இருந்ததால், அந்தக் குறியை விட்டுவிட்டு அடியுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரர் தங்கினால் காவல் நிலையத்துக்கு விவரம் போக வேண்டும், அது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பெயருக்குள் வரும் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டு, 'இது முடிவு இல்லை, பெயரில் பாதி' என்று கணினிக்கு ஜாடை காட்டும்படி எழுதினேன். ஓ'மேலி முழுசாக உள்ளே போனார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "பெத்தவங்க வச்ச பேரு தம்பி. நாலு மாசம் தங்கப்போறாரு, பேரோட தங்கட்டும்."

கிரிவலக் கணக்கு

பயந்தவன் இரண்டு பூட்டுப் போடுவான். நானும் போட்டேன், கிளம்பும் முன் என் நிரல் மொழியின் அமைப்பில் 'பாதுகாப்பு' என்றிருந்த ஒன்றையும் முடுக்கிவிட்டு வந்தேன். எனக்குத் தெரியாத விஷயம், அதுவும் தன் பங்குக்கு ஒரு சாய்கோடு போட்டுக்கொண்டிருந்தது. நான் ஒன்று போட, அது ஒன்று போட, தேவைக்கு மேல் இருந்த சாய்கோடு பெயரோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அக்கா தங்கும் தேதியை நீட்டிப்பார். நீட்டிக்கும்போது பெயரும் மறுபடி ஒருமுறை உள்ளே போய் வரும். அப்போது ஏற்கெனவே இருந்த சாய்கோட்டுக்கும் ஒரு சாய்கோடு காவல், குறிக்கு இன்னொன்று. ஒன்று மூன்றாயிற்று. சக நோயாளிகளே, மூன்றுக்கு அடுத்து எத்தனையாகும் என்று உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்கு, ஏழு.

ஓ'மேலி மாதாமாதம் பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர். அக்காவிடம் தமிழ் கற்றுக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் பேசுவார். முதல் மாத அறைச் சீட்டில் தன் பெயருக்குள் ஒரு கோடு இருப்பதைப் பார்த்தார், அந்த மாதம் ஒரு கிரிவலம் போயிருந்தார். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று மனதுக்குள் மகிழ்ந்திருக்கிறார். இரண்டாவது மாதச் சீட்டில் மூன்று கோடு. நான் ஏதோ வேலையாக விடுதிக்குப் போயிருந்தபோது சீட்டைக் கையில் பிடித்தபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான். அக்காவிடம் சீட்டை நீட்டிச் சொன்னார்: "தவறு இருக்கிறது. நான் இரண்டு முறைதான் மலையைச் சுற்றினேன். மூன்றாவது என்னுடையது இல்லை, வேறு யாருக்காவது கொடுங்கள்."

எல்லாருக்கும் மூலம்

அடுத்த வாடிக்கை தமிழில் கேட்டது. ஏகாம்பரம் என்பவர் தேரடிப் பக்கம் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தார். பெண், பிள்ளை விவரமெல்லாம் தமிழில்தான் வேண்டும் என்றார். அப்போது தமிழுக்கென்று கணினியில் தனி இடம் பரவலாக வரவில்லை. ஆங்கிலக் குறிகளுக்கு மேல் தமிழ் எழுத்தை வேஷம் கட்டி நிறுத்தியிருப்பார்கள். திரையில் பார்ப்பதற்குத் 'த', உள்ளே ஆங்கில 'ஜே'. மலர் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். விடுமுறை நாளில் வந்து அவள்தான் எல்லா ஜாதகத்தையும் ஏற்றிக் கொடுத்தாள். நான் தேடுவதற்கு வழி செய்தேன். பெயரோ நட்சத்திரமோ, முதல் எழுத்தை அடித்தால் போதும், அதில் தொடங்குவதெல்லாம் வந்து நிற்கும் என்று ஏகாம்பரத்திடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் வைத்திருந்த எழுத்துருவில் 'மூ' என்ற எழுத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது சதவீதக் குறி. தேடும் கட்டளையில் சதவீதக் குறி வந்தால் 'எதுவாயிருந்தாலும் சரி' என்று அர்த்தம். ஒரு நாள் பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும். மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்ற பயம் அந்த அப்பாவுக்கு. அந்தப் பெண்களையெல்லாம் முதலில் ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஏகாம்பரம் நான் சொல்லிக் கொடுத்தபடி 'மூ' என்று ஒரே எழுத்தை அடித்தார். மையத்தில் பதிவான அத்தனை பெண்களும் வரிசையாக வந்து நின்றார்கள்.

நான் அலறியடித்துக்கொண்டு போனேன். அது இயந்திரத்தின் கோளாறு, உண்மையில் இரண்டு மூன்று பேருக்குத்தான் மூலம் என்று விளக்கினேன். இனிமேல் 'மூ'வை மூவாகவே எடுத்துக்கொள்ளும்படி அங்கேயே திருத்தினேன். தேடும் பெட்டியைக் காலியாக விட்டாலும் இதே போல எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதனால் காலியாக இருந்தால் வேலை செய்யாதே என்று ஒரு வரிப் பூட்டும் சேர்த்தேன். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் என் விளக்கம் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏகாம்பரத்திடம் சொன்னார்: "ஊர்ல இத்தினி பொண்ணுக்கு மூலம்னு வந்தப்பவும் எல்லா மாமனாரும் நல்லாத்தான சுத்திக்கினு இருக்காங்க. அந்த மூணாவது பொண்ணு ஜாதகத்த எடுங்க சார்."

கூட்டம் காணவில்லை

அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. மணப்பெண்ணுக்கு நிஜமாகவே மூலம்தான். மாமனார் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஏகாம்பரத்துக்கும்தான். அவர் சொல்லித்தான் வேணுகோபால் என்னைத் தேடி வந்தார்.

வேணுகோபால் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தீபத்துக்கு வருகிறவர்களுக்கு உதவ ஒரு தொண்டர் குழு நடத்திக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பிரிந்துபோனவர்களைச் சேர்த்து வைப்பது அவர்கள் வேலை. கிரிவலப் பாதையில் அங்கங்கே முகாம் இருக்கும். எந்த முகாமில் யார் காத்திருந்தாலும் போன் மூலம் ஒரே இடத்துக்குச் சொல்லிவிட வேண்டும், அங்கே கணினியில் பதிந்து, கேட்டவுடன் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரே இடத்தை என் மாமனார் கடைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். தீபம் வரைக்கும்தான் கெடு, தீபத்தன்றே பரீட்சை, பரீட்சை எழுதுகிற இடம் மாமனார் கண் முன்னால்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு ஒத்திகை பார்த்தோம். திரையின் உச்சியில் பெரிதாகத் தெரியட்டும் என்று மலரிடம் ஒரு வரி கேட்டு வாங்கினேன்: 'கூட்டத்தில் பிரிந்தவர்கள் எங்களிடம் வரவும்.' அதை நிரலில் இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்தேன். எங்கள் எழுத்துருவில் 'கூ'வுக்கு அடியில் இருந்தது டாலர் குறி. இரட்டைக் குறிக்குள் டாலரைக் கண்டால் அந்த மொழிக்குப் புத்தி மாறிவிடும். ஒட்டி நிற்கும் எழுத்தை ஒரு பெட்டியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருப்பதை எடுத்து அந்த இடத்தில் வைக்கும். பெட்டியே இல்லையென்றால் ஒன்றும் வைக்காமல் போய்விடும். ஒற்றைக் குறி போட்டிருந்தால் பேசாமல் இருந்திருக்கும். நான் இரட்டைக் குறியில் பிடிவாதமாக இருந்தேன், மலர் தான் அடித்ததில் பிழையே இல்லை என்பதில் பிடிவாதமாக இருந்தாள். திரையில் 'கூட' போய், ஒரு அனாதைப் புள்ளியோடு 'டத்தில் பிரிந்தவர்கள்' மட்டும் நின்றது. வேணுகோபால் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போலீஸால ஆகாதத பண்ணிட்டீங்களே தம்பி. தீபத்துக்குக் கூட்டமே இல்லாம பண்ணிட்டீங்க."

சொல்லாத பெயர்

தீபத்தன்று கூட்டம் குறைவில்லாமல் வந்தது, திரையிலும் பாதையிலும். மலர் லீவு போட்டுவிட்டு விசைப்பலகை முன் உட்கார்ந்திருந்தாள். நான் போன் பக்கத்தில். காலையிலிருந்து நன்றாகவே போயிற்று. அக்காவைத் தொலைத்த தம்பி, பிள்ளையைத் தொலைத்த அப்பா என்று வந்தார்கள், பெயரைச் சொன்னார்கள், எந்த முகாம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். மாமனார் கடையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவரே ஒரு பெண்மணியை அழைத்து வந்தார். நடுத்தர வயது, கையில் ஒரு துணிப்பை, அழுது வீங்கிய முகம். "இந்தம்மா மதியத்துலேர்ந்து நம்ம கடையாண்ட ஒக்காந்திருக்கு மாப்ள, யாவார மும்முரத்துல இப்பத்தான் கேட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கமாம். வீட்டுக்காரர தவற உட்டுட்டுது. தீபம் ஏத்தறதுக்குள்ள ஒண்ணா நின்னு பாக்கணும்னு அழுவுது."

"அவர் பேரு சொல்லுங்கம்மா," என்றாள் மலர்.

அந்த அம்மாள் மலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பேரெல்லாம் நான் சொன்னதில்லீங்க. இன்னைக்கு நாள்ல, மலைக்கு நேரா நின்னுகினு சொல்லச் சொல்றீங்களே."

எழுதிக் காட்டச் சொன்னோம், எழுதத் தெரியாது என்றார். மைக்கில் 'கீழ்பென்னாத்தூர்க்காரர் வரவும்' என்று கூப்பிடலாம் என்றேன். பாதி கிரிவலப் பாதையும் திரும்பி நடக்கும் என்றாள் மலர். ஊரை வைத்துத் தேட நான் வழி செய்திருக்கவில்லை, பெயர் ஒன்றுதான் சாவி. மலர் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுத் தட்டிப் பார்த்தாள். 'பெயரை நிரப்பவும்' என்று நான் ஏகாம்பரம் கடையில் போட்ட பூட்டு, அந்த நிரலையே மாற்றி எழுதியிருந்ததால், இங்கேயும் வந்து குறுக்கே நின்றது.

மாமனார் குனிந்து திரையைப் பார்த்தார். "பேரு இல்லன்னா உங்க பொட்டி ஒண்ணும் செய்யாதா மாப்ள?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மெட்ராஸ் பஸ் கண்ணில் தெரிந்தது.

வெளியே எல்லாரும் மலை உச்சியைப் பார்த்தபடி நிற்க ஆரம்பித்திருந்தார்கள். நான் மலரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஊரை வைத்துத் தேடும் வழியை இனி எழுதிப் பரிசோதிக்க நேரமில்லை. நிரலைத் திறந்து, அந்தப் பூட்டு வரியை அழித்தேன். பிறகு காலிப் பெட்டியோடு தட்டினேன். இரண்டு மேற்கோள்குறி, நடுவே ஒன்றுமில்லை. 'எந்தப் பெயராயிருந்தாலும் சரி' என்று கணினி புரிந்துகொண்டு, எல்லா முகாமிலும் காத்திருந்த எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்தியது. அன்று மூலத்துக்கு வந்த அதே கூட்டம் மாதிரி.

மலர் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அந்த அம்மாள் அசையாமல் நின்றார். ஒரு பெயர் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மலர் நிறுத்திவிட்டாள். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை, அவர் சொல்லாததை நான் சொல்வது முறையில்லை. பெயருக்குப் பக்கத்தில் இருந்த, குபேர லிங்க முகாமிலிருந்து சொன்ன குறிப்பை மலர் படித்தாள்: "பேசிக்கொண்டே நடந்திருக்கிறார். பதில் வராததால் திரும்பிப் பார்த்தால் மனைவி இல்லை."

"அவரேதாங்க," என்றார் அந்த அம்மாள். "பதில் வர்லன்னு இன்னைக்காவது திரும்பிப் பாத்தாரே."

போன் செய்தேன். முகாமிலிருந்து ஒரு தொண்டர், வயல் பக்கத்துக் குறுக்கு வழியாக அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். பச்சைத் துண்டோடு இறங்கியவர் எடுத்த எடுப்பில் "எங்க போன நீ?" என்று மனைவியை அதட்டினார். அதட்டிக்கொண்டே அந்தத் துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உச்சியில் தீபம் தெரிந்தது. பாதை முழுக்க அரோகரா என்று ஒரே குரல். இரண்டு பேரும் மாமனார் கடை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மலர் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த இருவருக்கும் மாமனார் ஆளுக்கு ஒரு பொட்டலம் மல்லாட்டை கட்டிக் கொடுத்து அனுப்பினார். அடுத்து சோடா கேட்டு வந்த ஒருவர், கணினியையும் என்னையும் காட்டி, அங்கே உட்கார்ந்திருப்பது யார், என்ன வேலை செய்கிறார் என்று அவரிடம் விசாரித்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மாமனார் சோடாவைத் திறந்து நீட்டியபடி, வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியவர் போலச் சொன்னார்: "நம்ம மாப்ளைங்க. பேர் சொல்லாட்டியும் ஆள கண்டுபுடிச்சுக் குடுக்கறவரு. இங்கதான் இருக்கார், எங்கயும் போவல."

ஆக, அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே எதை எப்படி வைப்பது என்று ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு, ஒன்றுமே வைக்காத அன்றுதான் ஊரில் இடம் கிடைத்தது.